அப்பாவைத் தூங்கவைத்த இங்கிலீஷ்

நெய்வேலியில் எங்கள் தெருவில் பகல் நேரத்தில் எந்த வீட்டுக் கேட்டிலாவது ஒரு துண்டு தொங்கினால், அந்த வீட்டில் நைட் ஷிப்ட் தூங்குகிறது என்று அர்த்தம். யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. ஆனால் கீரைக்கார அம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டார். ஐஸ்காரர் பெட்டியைத் தட்ட மாட்டார். பிள்ளைகள் நாங்கள் பாண்டி ஆட்டத்தை நாலு வீடு தள்ளி வைத்துக்கொள்வோம்.

எங்கள் அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர். அவருடைய சிவப்புக்கரைத் துண்டு கேட்டில் ஏறிவிட்டால் எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லாமே கிசுகிசுப்புதான். அம்மா கடுகுக்கே தெரியாமல் தாளிப்பாள். எனக்கு அழுகை வந்தால்கூடக் கொல்லைப்பக்கம் போய்த்தான் அழ வேண்டும். அங்கே கொய்யாமரத்தடியில் அழுவதற்கென்றே எனக்கு ஓர் இடம் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையின்போது அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பி.யு.சி. முடித்தவள். மந்தாரக்குப்பத்தில் புதிதாகத் திறந்திருந்த நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் சித்தி எங்களோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, தாத்தா பேசி வைத்திருந்த அரிசி மில்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அவருக்கு இது இரண்டாம் தாரம். மூத்த பையனுக்கும் சித்திக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மில்காரர் பேச்சு வரும்போதெல்லாம் சித்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அந்தக் கோடையில் அவள் குடித்த தண்ணீர் கொஞ்சமில்லை.

வேலைக்கு இங்கிலீஷ் பேச வரவேண்டும். அதற்குச் சித்தி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"ஒத்தை வார்த்தை யாரு வேணும்னாலும் பேசிருவாங்க, பாப்பா. ஜோடி ஜோடியாப் போட்டுப் பேசினாத்தான் இங்கிலீஷ் தெரிஞ்சவன்னு நம்புவாங்க."

அவள் கொண்டுவந்திருந்த இலக்கணப் புத்தகத்தில் அந்த ஜோடிகள் வரிசையாக இருந்தன. நவ் அண்ட் தென் என்றால் அவ்வப்போது. ஹியர் அண்ட் தேர் என்றால் அங்கும் இங்கும். ஆஃப் அண்ட் ஆன் என்றால் விட்டு விட்டு. சித்தி அவற்றை வீட்டுச் சமாச்சாரங்களில் கோத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கோழி ஹியர் அண்ட் தேர் ஓடியது. அம்மா கிச்சனுக்கும் கிணற்றடிக்கும் டூ அண்ட் ஃப்ரோ நடந்தாள். மழை ஆஃப் அண்ட் ஆன் பெய்தது. அந்த மே மாதத்தில் ஒரு பொட்டு மழை கிடையாது, ஆனாலும் வாக்கியத்தில் பெய்தது. அவளுக்கு மிகவும் பிடித்தது, 'பை அண்ட் பை ஐ ஷல் கெட் எ ஜாப்' என்பது. சீக்கிரமே எனக்கு ஒரு வேலை கிடைக்கும். அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

கேட்கிறவள் நான்தான். கேட்டில் துண்டு தொங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் சுவரோரம் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, காற்றுக்கும் கேட்காத குரலில் இங்கிலீஷ் பேசினோம். கொஞ்ச நாளில் எல்லா ஜோடியும் எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆகிவிட்டது.

இன்டர்வியூவுக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். தலைமை ஆசிரியை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டார். சித்தி அழகாக, ஜோடி தவறாமல் பதில் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். ஆனால் சொன்னதெல்லாம், அடுத்த அறையில் அப்பா தூங்கும்போது பேசுகிற குரலில். தலைமை ஆசிரியை முதலில் முன்னால் சாய்ந்தார். பிறகு காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். பிறகு ஃபேனை நிறுத்தச் சொன்னார். சித்தியும் சத்தமாகப் பேசத்தான் முயன்றாள். முகம் சிவந்ததே தவிர, குரல் ஏறவில்லை.

"உங்க இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கும் போலிருக்கும்மா. காதுல விழுந்தாத்தானே சொல்ல முடியும்? இங்க வாண்டுங்க கத்துற கத்துல உங்க குரல் எப்படி எடுபடும்?" என்றார். சித்தியின் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தடவை வந்து பார்க்கச் சொன்னார்.

வீடு வந்ததும் சித்தி மூலையில் உட்கார்ந்து அழுதாள். அதுவும் சத்தமில்லாமல்தான். அப்பா எழுந்து வந்து டீயைக் குடித்தபடி நான் நடித்துக் காட்டிய இன்டர்வியூவை முழுக்கப் பார்த்தார். ஃபேன் கட்டத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்தார், குளித்தார், சாப்பிட்டார். துண்டைக் கேட்டில் போடவில்லை. தோளில் போட்டுக்கொண்டு சித்தி முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, ராத்திரி பூரா பெல்ட் சத்தத்துலயே கெடந்து பழகிப்போச்சு. வீடு இப்படிக் கப்சிப்புன்னு கெடந்தா எனக்கு எங்கிட்டுத் தூக்கம் வருது? நீ நல்லாச் சத்தமாப் படி. அப்பத்தான் நான் தூங்குவேன்."

"அத்தான்..." என்று சித்தி இழுத்தாள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷமாக எங்கள் அமைதியை அவர் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இங்கிலீஷ் இடி முழங்கியது. முதலில் சித்திக்குக் குரல் உடைந்து உடைந்து வந்தது. நான் கொல்லைக்கோடியில் நின்றுகொண்டு "கேக்கலை!" என்று கத்துவேன். அவள் வாசல் பக்கமிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள். பக்கத்து வீட்டு அத்தை, மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், பதறிப்போய் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? அண்ணன் வூட்ல தூங்கிக்கினு இருக்காரு, நீங்க இப்படிக் கத்திக்கினு இருக்கீங்க?"

"சத்தம் இருந்தாத்தான் அப்பாவுக்குத் தூக்கம் வரும், அத்தை" என்று நான் விளக்கம் கொடுத்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

ஒரு நாள் அப்பா கிளம்பும்போது அம்மா அவர் கையில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, பிடியை விடாமல் நின்றாள். "கண்ணப் பாருங்க, மொளகாப்பழம் மாதிரி இருக்கு. பெல்ட் பக்கத்துல போய்க் கண்ணசந்தீங்கன்னா என்னங்க ஆவுறது?" என்றாள். அப்பா, "அவ கொரல் வந்துக்கிட்டிருக்கு. விடு" என்றார். சுரங்கத்தில் தூசி அதிகம், கண் சிவக்கத்தானே செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது இன்டர்வியூவில் சித்தியின் குரல் பள்ளிக்கூட வாசல்வரை கேட்டது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே, "போதும்மா, போதும்" என்றார். பள்ளி திறப்பதற்கு முன்பே படம் வரையவும் அட்டை வெட்டவும் வரச் சொல்லிவிட்டார்கள். மில்காரருக்குத் தாத்தா வேறு பதில் சொல்லிக்கொண்டார். அதன்பிறகு சித்தி, தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் குடித்தாள்.

சித்தி வேலைக்குப் போன முதல் நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. கேட்டில் துண்டு இல்லை, உள்ளே சத்தமும் இல்லை. அப்பா எப்படித் தூங்குவார் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. முக்காலியை இழுத்து அவர் அறைக் கதவோரம் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். கோழி, அம்மா, மழை என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்து இறங்கினேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பை அண்ட் பை-யை விட்டுட்டியே, பாப்பா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிச்சனுக்கு ஓடினேன். "அம்மா, அப்பா தூங்கிக்கிட்டே இங்கிலீஷ் படிச்சிட்டாரு! எல்லாம் தெரியுது!"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பாவின் அறைக்குள் போய்ச் சிவப்புக்கரைத் துண்டை எடுத்துவந்து, கேட்டில் தொங்கவிட்டு, காற்றில் விழுந்துவிடாமல் ஒரு முடிச்சும் போட்டாள். திரும்பி வந்து என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

சத்தம் இல்லாவிட்டால் தூங்க முடியாத மனிதருக்கு இப்படி ஒரு கொடுமை செய்ய அம்மாவுக்கு எப்படி மனசு வந்ததோ என்று எனக்கு ஆறவே இல்லை. பாவம் அப்பா. கொல்லைப்பக்கம் போய்க் கொய்யாமரத்தடியில் அவருக்காக அழுதேன்.