சென்டத்துக்குக் குறுக்கே நின்றவர்

ஆண்டுத் தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை, ஆசிரியர் கூட்டத்தில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் கணித ஆசிரியை கோமதி காலமாகிவிட்டார். டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், காளவாசல் நெரிசலில் நின்ற ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டதாம்.

எங்களுடையது மதுரை நகரத்து அரசு மேல்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேறினால் சென்டம், பள்ளிக்குப் பாராட்டு. அதற்கொரு குறுக்கு வழியும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளுமாறு பக்குவமாகச் சொல்லிவிடுவோம். அப்படிப் போன ஒரு பெண்ணுக்கு ஆடி பிறக்கும் முன்பே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். கோமதி டீச்சர் அதை மறக்கவே இல்லை.

நான் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நடந்த கூட்டத்தில், "என் வகுப்புல ஒரு பிள்ளையையும் அனுப்ப மாட்டேன் சார்" என்றார். திமிர் பிடித்த அம்மா என்றுதான் அன்று நினைத்தேன்.

பிறகு, கணக்கே வராத முத்துலட்சுமி அவர் வகுப்புக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் டீச்சர். பாதி நாள் அவருடைய டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீட்டுக்குப் போகும். அப்படியும் பத்தாம் வகுப்புத் தேர்வில் அவள் தோற்றாள். சென்டம் ஏன் போனது என்று அதிகாரிகள் கூட்டத்தில் டீச்சரை எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"ஃபெயிலான பிள்ளை மறுபடி பரீட்சை எழுதும் சார். வெளிய அனுப்புன பிள்ளைக்குக் கல்யாணந்தான் நடக்கும். அம்புட்டுதான் வித்தியாசம்" என்றார்.

முத்துலட்சுமி துணைத்தேர்வில் தேறி, எங்கள் பள்ளியிலேயே காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தாள். அதற்காக யாரும் டீச்சரைப் பாராட்டவில்லை.

துக்க வீட்டில் தலைமையாசிரியர் உண்மையாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, "நல்ல மனுசி. இனிமே நமக்கு சென்டம் வந்துரும்ல?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தெருமுனையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சீருடையில் நின்றிருந்தார்கள். அழுது ஓய்ந்திருந்த ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"சார், திங்கக்கிழம அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காக. கூட்டிட்டு வரணுமா?"

"வேண்டாம்மா" என்றேன்.

போய் வாருங்கள் டீச்சர். உங்கள் தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அதையே தலைமையாசிரியரிடமும் சொல்லியாக வேண்டும்.