கோட்டின் முனையில் நான்கு

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்ததே அந்த வேலை போன அன்றுதான்.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் அலுவலகத்தில் அவள் கணினிப் பொறியாளர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. ஒரு மத்தியானம் அவளுடைய முதலாளி போன் செய்தார்.

"டீச்சரம்மா, ஒரு எட்டு ஆபீசுக்கு வந்துட்டுப் போங்க. ஒங்க மக அடம் தாங்க முடியல."

பெற்றோரை வரச்சொல்லி நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். அவர்கள் எந்த மனதோடு வந்து நின்றிருப்பார்கள் என்று அன்று தெரிந்தது.

அறையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். சுவரோரம் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர், சாப்பாட்டுத் தூக்குகளைத் திறக்காமல் கையில் பிடித்தபடி. முதலாளி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கட்டங்களும் கோடுகளுமாக ஒரு படம்.

"இதுதான் ஒங்க மக போட்ட கோலம்."

வடக்கே சரக்கு வாங்கும் ஒரு நிறுவனம், ஆலையில் அறைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத் தன் கணினியே நேரடியாகக் கேட்டறிய வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. அது என்ன கேட்கலாம், ஆலையிலிருந்து என்ன பதில் வரும், ஆலைக் கணினி எதை ஏற்காது என்ற விவரக்குறிப்பு இணையத்தில் இருக்கும். மகள் அதைக் கையால் எழுதுவதில்லை. அவள் படம் வரைவாள். படத்தைப் படித்து ஒரு நிரல் விவரக்குறிப்பை எழுதிவிடும். ஆலையின் வருகைப்பதிவும் அந்தப் படத்தின்படியே நடக்கும். 'அறை' ஒரு கட்டம், 'தொழிலாளி' ஒரு கட்டம், நடுவில் கோடு. கோட்டின் முனையில் நான்கு என்று போட்டிருந்தாள். வெடிமருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஐந்தாவது ஆளைக் கணினி சேர்க்காது.

தீபாவளி சீசன். அப்படிச் சேர்க்காமல் விடப்பட்டவர்கள்தான் சுவரோரம் நின்றவர்கள்.

முதலாளிக்கு வேண்டியது எளிமையானது. வெளியே போகும் விவரத்தில் நான்கு இருக்கட்டும். உள்ளே வருகைப்பதிவில் நான்கை அழித்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறி. எத்தனை பேர் வேண்டுமானாலும் என்று அதற்குப் பொருள்.

"ஒரு படத்துல இருந்து ஒரு விவரந்தான் சார் வரும்" என்றாள் மகள். "ரெண்டு வேணும்னா ரெண்டு படம் வரையணும். அதுல ஒண்ணு பொய். நான் வரைய மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "கேட்டீகளா? வேலை குடுக்க எனக்கு ஆசைதான். இந்தப் புள்ள விடமாட்டேங்குது. அவகிட்டயே கேளுங்க."

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். "ஏந் தாயி, ஏசியில உக்காந்துக்கிட்டு எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுதியே. வெடிச்சா சாகப்போறது நாங்க. ஒனக்கு எங்க வலிக்கி?"

"அக்கா, ஒங்களுக்காகத்தான்..."

"எங்களுக்காக நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம்."

"மாப்பிள்ளை அமையாத கடுப்ப நம்ம மேல காட்டுதா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"கணக்கு டீச்சர்தான நீங்க? நாலு பெருசா, இம்புட்டுக் குடும்பம் பெருசான்னு மகளுக்குச் சொல்லிக் குடுங்க."

"அவ வரைய மாட்டா" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சரம்மா. இவுகளுக்கும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னேன். வகுப்பில் கணக்கு வராத பிள்ளை எழுந்து நிற்பதைப்போல நின்று சொன்னேன்.

மகளின் அடையாள அட்டையைக் கழற்றி அந்த அடுத்த தெருப் பெண்ணின் கையில் கொடுக்கச் சொன்னார் முதலாளி. கொடுத்தாள். வாங்கியவள் அதில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சில வாரம் கழித்து வீட்டில் மகள் அந்த விவரக்குறிப்பை இணையத்தில் திறந்து பார்த்தாள். எட்டிப் பார்த்தேன். நான்கு அப்படியே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"இது படத்துல இருந்து வந்ததில்லம்மா. நிரல் எழுதுனா தலைப்புல தானா ஒரு வரி விழும். அது இல்ல. யாரோ கையால டைப் அடிச்சு வச்சிருக்காங்க. உள்ள வேற ஓடுது."

"புகார் குடுப்போமா?"

"குடுத்துட்டேன். எந்த ரூம்புன்னு நம்பர் கேட்டாங்க, எனக்குத் தெரியல. யாரும் வரல."

மறுநாள் காலை பேருந்துக்காக இருவரும் நின்றிருந்தோம். ஆலை வேன் ஒன்று வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே, அட்டையைக் குப்பைக்கூடையில் போட்ட அந்தப் பெண் தலையை நீட்டினாள். கோபமெல்லாம் போய் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்.

"ஏ தாயி! எங்க ரூம்புல இப்ப ஏழு பேரு. பேச்சுத் துணைக்குக் கொறைவே இல்ல. ஒனக்கும் வேலை இல்லன்னா வா, எட்டாவதா உக்காந்துக்கோ!"

வேனுக்குள் சிரிப்பு கிளம்பியது. மகள் என் கையை உதறிவிட்டு வேனோடு சேர்ந்து ஓடினாள்.

"எந்த ரூம்பு அக்கா? நம்பரு என்ன?"

வேன் போய்விட்டது.