பழைய மணி, புது மணி

யுத்த காலத்தில் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. எங்கள் மதுரையில் மில் சங்கு புது மணிக்கு ஊதும். பெண் வீடு இருந்த ஒத்தக்கடையில் முகூர்த்தம் குறித்தது பழைய மணியில். அதனால் என் கல்யாணத்துக்கே நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றோம். பந்தலில் பாய்கூட விரிக்கவில்லை.

"மில்லு மணியப் பாத்தா வந்தீக?" என்று பெண்ணின் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம். கால் கழுவக் கொல்லைக்குப் போனேன். அங்கே ஒருத்தி கரித்தூளால் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் மருதாணியைப் பார்த்த பிறகுதான் மணப்பெண் என்று தெரிந்தது. அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"நேரந்தான் கெடக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கரிவாயோடு சிரித்தாள்.

யுத்தம் முடிந்து கடிகாரத்தைப் பின்னால் தள்ளியபோது, போன ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது முன்பே கிடைத்திருந்தது.