ஹொங்கே பூ வாசனை

அக்ரஹாரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இங்கே கன்னடத்தில் ஹொங்கே என்று சொல்லும் புங்கமரம் தளிர்விட்டிருந்தது; நடைபாதையெல்லாம் பொரி இறைத்த மாதிரி பூ. காற்றில் அந்த வாசம் வந்தது.

அம்மா வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டினாள். அந்தப் பொடி மூக்கில் ஏறி ஏறி, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கு எந்த வாசமும் தெரியாது. பூக்காலத்தில் மட்டும் சாயங்காலம் வத்தி உருட்டும் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, வாசல் புங்கமரத்தடியில் கால் நீட்டி உட்காருவாள். வருஷத்தில் அவளுக்கு அதுதான் ஓய்வு.

"ஹொங்கே பூ வாசனை வருதாடி?"

"வருதும்மா. வெல்லப்பாகு மாதிரி."

கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒரு வருஷம், ஸ்கூல் டூருக்கு விடாமல் வத்தி உருட்ட உட்கார வைத்த கோபத்தில், "ஒண்ணும் வரல" என்றேன்.

"மரத்துக்கும் முடியல போல," என்றவள், எழுந்து பலகைக்கே போய்விட்டாள்.

அடுத்த பூக்காலத்துக்கு அவள் இல்லை.

பஸ் வந்து போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டதும் மறுபடியும் வந்தது, அதே வெல்லப்பாகு.