பன்னிரண்டு தடவை பாஸான குளம்

தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். அந்தக் காலத்தில் நான் பார்த்த குளங்களிலேயே உத்தமமான குளம் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று வருஷம், மொத்தம் பன்னிரண்டு பரிசோதனை. பன்னிரண்டிலும் பாஸ். என் பிள்ளைகள்கூட ஸ்கூலில் அப்படித் தொடர்ந்து பாஸானதில்லை. பன்னிரண்டு அறிக்கையிலும் இருந்தது என் கையெழுத்து. பதின்மூன்றாவது தடவை என்ன நடந்தது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். பழைய ஆட்கள் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

1. குளிப்புக் கட்டு

வெள்ளைக்காரன் காலத்தில் ஓடையை மறித்துக் கட்டிய குளம் அது. ஒரு கரையில் இறப்பர் தொழிற்சாலை. பால் உறைய வைத்து, கழுவி விடுகிற புளித்த தண்ணீர் எல்லாம் குளத்துக்குத்தான் வரும். எதிர்க் கரையில் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் டிவிஷன் லயங்கள். அந்தப் பக்கம் ஒரு பம்ப் வைத்து, குளத்துத் தண்ணீரைத்தான் லயத்துத் தாங்கிக்கு ஏற்றினார்கள். சமையலுக்கும் குடிக்கவும் அதுதான். இந்த இரண்டு கரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் என்னை அனுப்பினார்கள்.

விதிப்படி என்றால் படகில் நடுக்குளத்துக்குப் போய், மூன்று இடத்தில் போத்தலை இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். நீர்த்தாவரங்களைக் கணக்கெடுக்க ஒரு மீட்டர் சதுரத்தில் பைப் சட்டம் ஒன்று தந்திருந்தார்கள். அதைத் தண்ணீரில் எறிந்து, சட்டத்துக்குள் எந்தச் செடி எவ்வளவு இருக்கிறது என்று எழுத வேண்டும். படகு கேட்டு ஃபைல் அனுப்பினோம். ஃபைல் திரும்பி வந்தது, படகு வரவில்லை.

அதனால் பங்களாவுக்குக் கீழே இருந்த பழைய குளிப்புக் கட்டில் மாதிரி எடுப்பது என்று நானும் சின்னத்துரையும் பேசி முடிவு செய்தோம். சின்னத்துரை என்றால் உதவி மானேஜர். நல்ல மனுஷன், சிங்களவர் என்றாலும் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். குளிப்புக் கட்டு மூன்று பக்கம் சிமெந்துச் சுவர், ஒரு பக்கம் குளம். சப்பாத்து நனையாமல் குனிந்து போத்தலை நிரப்பலாம். மேப்பில் அதற்கு 'எஸ்பி ஒன்று', அதாவது சாம்ப்ளிங் பொயின்ட் ஒன்று என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த பிறகு ஒரு இடத்துக்கு வரும் மரியாதையே தனி.

ஒவ்வொரு தடவையும் முதல் நாளே போன் பண்ணுவேன். சின்னத்துரை ஜீப் அனுப்புவார். பத்தரைக்கு வேலை தொடங்கும், பதினொன்றுக்கு முடியும், பிறகு ஆபீசில் சோறும் கோழிக்கறியும். குளம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒக்சிஜன் ஏராளம், அமோனியா இல்லை. சட்டத்தை எறிந்தால் ஒரு இலைகூட அகப்படாது. எதிர்க் கரையில் ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் விரித்துக் கிடந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் எஸ்பி ஒன்று இங்கேதானே இருக்கிறது. 'நீர்த்தாவரம்: இல்லை' என்று பன்னிரண்டு தடவை எழுதினேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்தத் தண்ணீர் மற்றக் குளங்களைவிட நாலு டிகிரி குளிராக இருந்தது. தெர்மாமீட்டர் மூன்று வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் 'மர நிழல்' என்று குறிப்பு எழுதினேன். அந்த இடத்தில் மரமே இல்லை.

2. டீசல் இல்லாத வருஷம்

நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷம். ஆபீஸ் வேனுக்கு டீசல் கிடையாது, தோட்டத்து ஜீப்புக்கும் கிடையாது. வழக்கம்போல முதல் நாள் போன் பண்ணி, பத்தரைக்கு பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னேன். மறுநாள் போனால், விடியற்காலை பஸ்ஸை விட்டால் மத்தியானம் வரை வேறு பஸ் இல்லை என்றார்கள். ஏறிவிட்டேன். ரோட்டில் இறங்கி, பெட்டியையும் சட்டத்தையும் தோளில் போட்டு, இறப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து குளத்துக்கு வரும்போது மணி எட்டு.

குளிப்புக் கட்டில் நாலு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்கள். குளத்தைப் பார்த்த பக்கம் மண் மூட்டை அடுக்கியிருந்தது, மேல் மூட்டை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே. தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. மலைப் பக்கத்தில் இருந்து ஒரு கறுப்புக் குழாய் இறங்கி வந்து, கட்டுக்குள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பீலித் தண்ணீர். பாறையில் ஊறி வருகிற, நெஞ்சு வரைக்கும் குளிர்கிற தண்ணீர்.

பெண்களில் மூத்தவர் பிலோமினா. பால்வெட்டும் வேலை, கீழ் டிவிஷன் லயம். மாதிரி எடுக்கும்போது தூரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்னங்க சேர், பத்தரைக்குன்னுதானே சொன்னாங்க? இன்னும் முடியலையே! இந்த மூல மட்டும் இருக்கு, செத்த நேரம் அப்பிடி ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. "இது என்ன பைப்?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் சேர். நேத்து பொழுதெறங்கவே தொறந்துவுட்டாச்சு, பத்து மணிக்கெல்லாம் சுருட்டி எடுத்துருவோம். இந்தத் தடவ தண்ணி நல்லா தெளிஞ்சிருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. விருந்தாளி நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டால் வீட்டுக்காரர் படுகிற சங்கடம் மட்டும்தான் இருந்தது.

நான் தெரணியகலைப் பக்கம் லயத்தில் பிறந்தவன். பீலியில் குளித்து வளர்ந்தவன். விரலை வைத்தாலே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு தடவையும் கையுறை போட்டிருந்தேன். நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

3. எதிர்க் கரை

"நீங்க குடிக்கிற தண்ணி சரியா எந்த எடத்துல எடுக்குறாங்க?" என்று கேட்டேன்.

பிலோமினா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஈரச் சேலையோடு கரையைச் சுற்றி முன்னால் நடந்தார். போகிற வழியில் பேசினார். அவர் மகளுக்கு அந்த வருஷம் மூன்று தடவை வயிற்றோட்டம், இரண்டு தடவை ஆஸ்பத்திரி. கடைசித் தடவை பிள்ளை பிழைக்காது என்றே நினைத்தார்களாம். பக்கத்துக் காம்பரா வீடுகளிலும் அதே கதை. பீலியில் இருந்து லயத்துக்கு ஒரு குழாய் போட்டுத் தரச்சொல்லித் தோட்டத்துக்கு நாலு தடவை மனு கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"கொளத்து தண்ணி நல்ல தண்ணின்னு பெரட்டுக்களத்துல பேப்பர் ஒட்டியிருக்காங்க சேர். கண்ணாடி மாதிரி தாள் போட்டு ஒட்டினது. கீழ ஒங்க கையெழுத்து இருக்கு. அதோட பைப்பும் இல்லையாம். ஒங்க போத்தலுக்கு மட்டுந்தான் பைப் இருக்கு."

பெரட்டுக்களம் என்றால் காலையில் தோட்டமே கூடி வேலை பிரித்து வாங்குகிற இடம். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாததால் வேலையைத் தொடங்கினேன்.

பம்ப் குழாய் இறங்குகிற இடத்தில் சட்டத்தை எறிந்தேன். அது தண்ணீரைத் தொடவே இல்லை, ஆகாயத்தாமரை மேல் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. 'நீர்த்தாவரம்: சட்டம் முழுவதும்' என்று எழுதினேன். செடியை விலக்கினால் தண்ணீர் கறுப்பாக, புளித்த வாடையோடு இருந்தது. மீட்டரை இறக்கினேன். ஒக்சிஜன் இல்லை என்று சொல்லலாம். மீட்டர் பழுதோ என்று இரண்டு தட்டுத் தட்டினேன். எங்கள் துறையில் எந்தப் பரிசோதனையும் தட்டிப் பார்ப்பதில்தான் தொடங்கும். மீட்டர் காட்டிய எண் மாறவில்லை. மூன்று போத்தல் நிரப்பினேன்.

அதற்குள் யாரோ சொல்லி, சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அதற்கு மட்டும் எங்கிருந்தோ பெட்ரோல் கிடைத்திருந்தது.

"அனே தியாகு, ஏன் இங்க எடுக்குறீங்க? மேப்ல எஸ்பி ஒன்னு அந்தப் பக்கந்தானே?"

"அங்க இருக்கிறது கொளம் இல்ல சேர், பீலி."

"ஹரி, சரி, பீலித் தண்ணியும் கடைசியில கொளத்துக்குத்தானே வருது?"

சொன்னவர் படித்த மனுஷன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிநாட்டுல ரப்பர் வாங்குறவங்களுக்கு ரிப்போர்ட் காட்டணும் தியாகு. தொழிற்சாலைய மூடினா இந்த ஜனங்களுக்கு வேல ஏது? நீங்களும் நம்ம ஆளுதானேன்னு இருந்தோம்."

நான் நம்ம ஆள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் தின்ற கோழிக்கறி ஒன்றாக நெஞ்சில் ஏறி நின்றது. போத்தல்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு நடந்தேன். மத்தியான பஸ்ஸுக்கு ரோட்டில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். யாரும் சோறு தரவில்லை.

4. இரண்டில் ஒன்று

ஆய்வுகூட முடிவு வந்தது. அந்தத் தண்ணீரில் இருக்கக் கூடாதது எல்லாம் இருந்தது. அறிக்கையைப் பார்த்த எங்கள் மேலதிகாரி மேடம் சிங்களத்தில் கேட்டார். தமிழில் தருகிறேன். "தியாகு, பன்னிரண்டு நல்லது, ஒன்று கெட்டது. கணக்குப்படி பார்த்தால் இந்த ஒன்றுதான் பிழை. போத்தல் அசுத்தமாக இருந்திருக்கும். பேசாமல் மறுபடி எடுத்து வாங்களேன்." தோட்டமும் அதையே எழுதியிருந்தது. மறுபடி வாருங்கள், ஜீப் அனுப்புகிறோம் என்று அன்பாக வேறு.

இந்த ஒன்று நிற்க வேண்டுமானால் அந்தப் பன்னிரண்டும் விழ வேண்டும். என் அறிக்கைகள் பொய் என்று நானே எழுதிக் கொடுத்தேன். உடனே விசாரணைக் குழு கூடியது. தோட்டத்தை விசாரிக்க அல்ல, என்னை. மூன்று பேர், ஒரே கேள்வி. "நீங்கள் தோட்டத்தோடு சேர்ந்து செய்தீர்களா, அல்லது உங்களுக்கு வேலை தெரியாதா?"

மூன்றாவது பதிலுக்கு இடம் இல்லை. படகு வராததையும் விதிகளையும் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்தேன். வேலை தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷ சேவைக்குப் பிறகு ஒரு மனுஷன் தன் கையால் அதை எழுதுவது லேசான காரியம் இல்லை. அன்று இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன். என் ஃபைலில் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. பன்னிரண்டு அறிக்கையும் ரத்து, பதின்மூன்றாவது நின்றது.

நாலு மாதத்தில் பீலியில் இருந்து கீழ் டிவிஷனுக்குக் குழாய் போட்டார்கள். தொழிற்சாலைக் கழிவுக்கு ஒரு குழி வெட்டினார்கள். குழி திறந்து வைத்த படம் பெரட்டுக்களத்தில், அதே கண்ணாடித் தாளில். ஆகாயத்தாமரை இன்னும் இருக்கிறது. அதற்குப் படம் பார்க்கத் தெரியாது.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். போன் பண்ணிவிட்டுப் போகாதீர்கள். அறிக்கையில் நீர்த்தாவரப் பத்தியைச் சும்மா நிரப்பாதீர்கள். போத்தலைத் திறக்கும் முன்னால், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு மூன்று வருஷமும் ஒரு டீசல் தட்டுப்பாடும் தேவைப்பட்டது.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு தடவை, யாருக்கும் சொல்லாமல் அந்த லயத்துக்குப் போனேன். நன்றி சொல்வார்கள் என்ற நப்பாசையும் இருந்தது, மறைக்கவில்லை. பிலோமினா குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் தேறிவிட்டாள், ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சேர். லயத்துல எல்லாரும் ஒங்களயும் தொரமாரு ஆளுன்னுதான் நெனச்சிருந்தோம். அதான் யாரும் வாயத் தொறக்கல. நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா?"

"நெசமாவே தெரியாதுங்க."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சு செஞ்சிருந்தா, பாவம், என்ன கஷ்டமோன்னு நெனச்சுருப்பேன் சேர். இது அதவிட மோசமால்ல இருக்கு."