முதல் ஆளாய் இரத்தம் கொடுத்த நாள்

போன ஆவணியில் எங்கள் இறுப்பிட்டி வாசிகசாலைக்கு எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்ய வந்தார்கள். அதற்கு முதல் நாள் குடும்பநல மாது வீடு தேடி வந்தாள்.

"நீங்கள் முதல் வந்தியள் எண்டால்தான் அம்மா, மற்ற ஆக்கள் வருவினம்."

அதை நான் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். கோயிலில் எங்கள் உபயத் திருவிழாவன்று முதல் விபூதி எங்கள் வீட்டுக்குத்தான். ஊரில் எதைத் தொடங்கினாலும் எங்களைக் கூப்பிடாமல் தொடங்கியதில்லை. ஆகவே கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

உள்ளறையில் விரலில் குத்தி ஒரு துளி எடுத்தார்கள். முடிவு வரும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதிரையில் வந்து இருந்தேன். பக்கத்து வளவுக்காரி என் காதில் விழவே சொன்னாள்:

"அக்கா என்ன, எல்லாருக்கும் முந்தி ஓடினவா? அத்தார் வருசக்கணக்காய்க் கொழும்புக் கடையில தனிய இருந்தவர் எல்லோ. யோசினையாக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். காலமாகிவிட்ட என் மனுசனைத்தான் அவள் சொன்னாள். அதுவரை எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்ததே இல்லை.

சுவரில் தாதிப் பிள்ளை ஒரு படம் ஒட்டியிருந்தாள். எந்த ஆட்களிடம் இந்த நோய் எவ்வளவு என்று காட்டுகிற, நிறம் நிறமான தூண்கள். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்; அவள் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். முந்தி வெளிநாடு போய் வந்தவர்களிடம் கூடுதலாய்க் கண்டதாம். இப்போது இளம் பொடியன்களின் தூண்தான் வருடத்துக்கு வருடம் உயருகிறதாம். ஓரத்தில் சின்னதாய் ஒரு மஞ்சள் தூண் நின்றது.

"அது ஆர் பிள்ளை?"

"கலியாணம் முடிச்ச பொம்பிளையள், அம்மா."

"நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

"ஒண்டும் செய்யாத ஆக்களும் இருக்கினம். மனுசனிட்ட இருந்து வந்திருக்கும். அவையளுக்குத் தெரியவே தெரியாது."

எனக்கு விளங்கவில்லை. இன்ன ஆட்களின் நோய் என்று பிரித்து வைத்தால் அது அந்த ஆட்களோடு நிற்க வேண்டாமா? ஒரு தூணிலிருந்து மற்றதற்கு எப்படி வருகிறது? நாங்கள் எந்தத் தூணிலும் சேராத குடும்பம் என்றல்லவா நான் வந்து இருந்தேன்.

என் மனுசன் கொழும்பிலிருந்து திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் வருவார். பிஸ்கற் பேணியும் சீத்தைத் துணியும் கொண்டுவருவார். கொழும்பில் யார் சமைக்கிறார்கள், யார் துணி துவைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கமும் இல்லை. கடைசிக் காலத்தில் மெலிந்துபோனார். நீரிழிவு, சீனி வருத்தம் என்றார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். தாதிப் பிள்ளை கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு ஒண்டும் இல்லை, அம்மா."

"அப்ப அவருக்கும் இருந்திருக்காது. என்ன?"

"உங்கட இரத்தத்தை வைச்சு உங்களைப் பற்றித்தான் சொல்லலாம். அவரைப் பற்றிச் சொல்ல ஏலாது." பிறகு, "முடிவை ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை" என்றாள்.

சந்தோசப்பட வேண்டிய நேரம். ஆனால் எனக்குத் தேவையான முடிவு அதுவல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் இல்லை, இனி யாரிடம் கேட்பது? கேட்க எனக்கு விருப்பம்தானா என்பதும் தெரியவில்லை.

வெளியே வந்தேன். "என்னவாம் அக்கா?" என்றாள் வளவுக்காரி. ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய் என்பார்கள். சொல்லாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

"நீர் போய்க் கேளும். உமக்கும் உள்ளுக்கு கதிரை போட்டிருக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மனுசன் கட்டாரில் லொறி ஓட்டுகிறவர். சற்று நேரம் அந்த மஞ்சள் தூணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, அந்த அறை வாசல்வரைக்கும் என்னோட வாறியளே?"

அவள்மேல் எனக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் எழுந்து கூடப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.