சாட்சி நான்தான்

நீடாமங்கலம் போகும்போதெல்லாம் ரயிலடிக் கடையில் ஒரு துப்பறியும் நாவல் வாங்கிவந்து, எங்கள் ஊர் டீக்கடையில் உரக்க வாசிப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டிக் கூட்டி அந்த நாவல்களில்தான் படிக்கவே கற்றேன். சாயங்காலம் பத்துப் பேராவது கேட்க உட்கார்ந்திருப்பார்கள். கட்சிக் கொடிக்கம்பத்தடியில் குந்தியிருப்பவர் என் தங்கை வீட்டுக்காரர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கொலைகாரன் யாரென்று பாதிக் கதையிலேயே சொல்லிவிடுவார்.

அன்றைய கதையில் ஒரு பெரிய அதிகாரி, ‘உனக்குப் பட்டா தருகிறோம்’ என்று ஒரு கிழவனிடம் வேறு காகிதத்தில் கைநாட்டு வாங்குகிறான். எதிர்த்தவர்களை மஃப்டி போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது.

“கவர்ன்மெண்ட் ஆளே இப்படிச் செய்வானா? எழுதுறவன் ரொம்பத்தான் அளக்கிறான்” என்றேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. “ஏன் மச்சான், போன மாசம் கர்ணம் என்கிட்ட கைநாட்டு வாங்கினாரே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

அவர் குத்தகைக்கு உழுத மூன்று மா நிலத்தைப் பதிவேட்டில் அவர் பேருக்கு ஏற்றத்தான் அந்தக் காகிதம் என்று, ஊர்க் கணக்கு பார்த்த கர்ணம் சொல்லியிருந்தார். பேர் ஏறிவிட்டால் நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் நினைத்தபடி அவரைக் கிளப்ப முடியாது. கர்ணம் நீட்டியதை அவர் முகத்துக்கு நேரே படித்துப் பார்ப்பது எங்கள் பக்கம் அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். மாப்பிள்ளை பெருவிரலை வைத்தார். சாட்சி நான்.

மறுநாள் இருவரும் போய்க் கேட்டபோது, நன்னிலம் தாலுகா ஆபீசில் காகிதக் கட்டைப் பிரித்துக் காட்டினார்கள். ‘குத்தகையை மனமொப்பி விட்டுக்கொடுக்கிறேன்.’ கீழே கைநாட்டு. அதற்கும் கீழே, வாலை நீட்டி அழகாக, என் கையெழுத்து.

“ஊருக்கே கதை படிச்சீங்க. இந்த நாலு வரியப் படிக்கலையே மச்சான்” என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், இது ஏமாற்று என்று அங்கேயே மனு எழுதிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் கர்ணம் சைக்கிளில் டீக்கடைக்கு வந்தார். கையில் எங்கள் மனு! விசாரித்துச் சொல்லும்படி அவருக்கே அனுப்பியிருந்தார்கள். நான் படித்த எந்த நாவலிலும் இப்படி எழுத ஒருவனுக்கும் துணிச்சல் வந்ததில்லை.

“என்னய்யா, இன்னைக்கு வாசிப்பு இல்லையா? இத வாசி. எல்லாரும் உன் லட்சணத்தக் கேக்கட்டும்” என்று என் மடியில் போட்டார்.

வாசித்தேன். ‘படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்’ என்ற இடத்தில் வாய் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். “எனக்கும் பேர் ஏத்துறேன்னு ஒண்ணு வாங்கினீங்களே, அது எங்கங்க?”

“என்கிட்டயும்” என்றார் அடுத்தவர்.

கர்ணம் சைக்கிளைத் திருப்பினார். மாப்பிள்ளையின் மூன்று மா திரும்பவே இல்லை. அந்தக் குறுவைச் சாகுபடிக்கே வேறு ஆளின் ஏர் இறங்கிவிட்டது.

அன்று எழுந்து நின்றவர்கள் ஐந்து பேர். ஐந்து கைநாட்டுக்கும் சாட்சி நான்தான்.